இரண்டு சிவப்பு ஸ்க்ரூ

எனக்குக் கோபம் வந்தால் முதலில் வாய் கிளம்பும், புத்தி அடுத்த வண்டியில் வரும். கூரிப்கா ஊர் டாக்சி ஸ்டாண்டில் ஜிலாலி எங்கே என்று கேட்டுப் பாருங்கள். ஆளைக் காட்டுவதற்கு முன்னால் வாயைப் பற்றிச் சொல்லி அனுப்புவார்கள். இருபத்திரண்டு வருடமாக அங்கே பழைய பென்ஸ் ஒன்றை ஓட்டுகிறேன். முன்னால் இரண்டு பேர், பின்னால் நான்கு பேர். ஆறு பேர் சேர்ந்தால்தான் வண்டி நகரும். நான் சொல்லப்போவது அந்த வாயால் ஒரு நல்ல மனிதனுக்கு நான் செய்த அநியாயத்தையும், அதற்குப் பதிலாக எனக்குக் கிடைத்த நன்மையையும் பற்றி.

மூன்று வருடமாக என் ஆறு இருக்கையும் ஆறு வாத்தியார்களுக்குத்தான். காலையில் ஊரைவிட்டுக் கிளம்பி நாற்பது கிலோமீட்டர், அதில் கடைசிப் பத்து மண்பாதை. அவர்களைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டால் அந்தப் பாதையில் திரும்பி ஏற ஓர் ஆள் கிடைக்காது. அதனால் பள்ளி விடும்வரை வண்டிக்குள்ளேயே முடங்கிக் கிடப்பேன்.

முதல் வருடம் குளிர்காலத்தில், நான் வண்டிக்குள் கையைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததை இல்ஹாம் டீச்சர் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டார். ஒன்றாம் வகுப்பு அவருடையது. உள்ளே வந்து அடுப்புப் பக்கம் உட்காருங்கள் என்றார். கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். இரண்டாவது வாரம் என் முன்னால் ஒரு சிலேட்டை வைத்தார், மற்றப் பிள்ளைகளுக்கு வைப்பது போலவே, ஒரு வார்த்தை பேசாமல். எனக்கு அப்போது நாற்பத்தாறு வயது. மருந்துச் சீட்டு, கோர்ட்டுச் சம்மன், கல்யாணப் பத்திரிகை எல்லாவற்றையும் அடுத்தவன் கையில் கொடுத்துவிட்டு அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே காலம் கழித்தவன் நான். என் சாக்பீஸ் ஒடியும்போதெல்லாம் பிள்ளைகள் சிரிப்பார்கள். டீச்சர் ஒருநாள்கூடச் சிரிக்கவில்லை. மூன்றாவது வருடத்தில் சாலையோரப் பெயர்ப்பலகைகளை எல்லாம் வாய்விட்டுப் படித்துக்கொண்டே வண்டி ஓட்டினேன். பக்கத்தில் உட்கார்ந்து வரும் மஹ்ஜூப் சாருக்கு அது பிடிக்காது. பிடிக்காவிட்டால் இறங்கி நடக்கட்டும் என்று நான் இன்னும் சத்தமாகப் படிப்பேன்.

மஹ்ஜூப் சார் ஐந்தாம் வகுப்பு வாத்தியார். முன் ஜன்னல் அவருக்கு எழுதி வைத்த இடம், என் கேசட் பெட்டியும் அப்படியே. காலையிலும் மாலையிலும் அவர் கொண்டுவரும் அதே கேசட், அதே அழுகைப் பாட்டு. பின்னாலிருந்து மற்றவர்கள் சண்டை போடுவார்கள். இல்ஹாம் டீச்சர் மட்டும் நடுவில் நெருக்குண்டு சும்மா உட்கார்ந்திருப்பார். ஒரே ஒருமுறை, கைப்பையிலிருந்து ஒரு சிடியை எடுத்து, இது உங்கள் வண்டியில் ஓடுமா அண்ணே என்று கேட்டார். அவருடைய ஊரான பெர்கான் பக்கத்து மேளப் பாட்டு, அவர் கல்யாணத்தில் வாசித்தது. இங்கே அவர் குடியிருந்த ஒற்றை அறையில் அதைப் போட்டுக் கேட்க வழியில்லை. என் வண்டியில் டீசல் மட்டும்தான் ஓடும் டீச்சர் என்று நான் பெரிய நகைச்சுவை அடித்தேன். அவரும் சிரித்துவிட்டுச் சிடியை உள்ளே வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு கேட்கவே இல்லை. அந்தச் சிரிப்பு என் தொண்டையில் முள்ளாக நின்றுவிட்டது.

அவருடைய கணவர் பெர்கானில் இருக்கிறார், நாட்டின் அந்தக் கோடியில். ஆறு வருடமாக டீச்சர் மாற்றல் கேட்டு மனு போட்டுக்கொண்டே இருந்தார். இந்த வருடம் ஹஜ்ஜுப் பெருநாளுக்குப் பத்து நாள் முன்னால், யாரும் எதிர்பாராத நேரத்தில் உத்தரவு வந்தது. பெருநாளுக்கு ஊருக்குப் போய்விட்டு, பள்ளி திறக்கும் புதன்கிழமை ஒருநாள் மட்டும் வந்து பொறுப்பை ஒப்படைக்க வேண்டும். வியாழக்கிழமை காலை அவர் பஸ் ஏறிவிடுவார். ஆக, பெருநாளுக்குப் பிறகு என் வண்டியில் அவருக்கு மிச்சம் ஒரே ஒரு நாள்.

வளர்ந்தவனுக்குக் கண் திறந்துவிட்டவருக்கு என்ன கைம்மாறு செய்வது? பணம் கொடுத்தால் வாங்கமாட்டார். துணிமணி எடுக்க எனக்குத் தெரியாது. அந்தக் கடைசி நாளிலாவது என் வண்டியில் அவருடைய சிடி பாட வேண்டும் என்று முடிவு செய்தேன். பழைய பொருள் சந்தையில் கடல் தாண்டி டூரினிலிருந்து வேனில் வந்த சாமான்களோடு ஒரு சிடி சேஞ்சர் இருந்தது. ஆறு சிடி ஒன்றாகப் போடலாம். வண்டியில் ஆறு பேர், பெட்டியில் ஆறு தட்டு. கண்டதும் இது எனக்காகவே அல்லா அனுப்பியது என்று தோன்றியது. அதை முன்னாலிருந்து இயக்கும் ரேடியோவும் ஜோடியாகக் கிடைத்தது.

பெருநாள் விடுமுறை விட்ட அன்று இல்ஹாம் டீச்சரிடம் அந்தச் சிடியைக் கொடுங்கள், ஏன் என்று கேட்காதீர்கள் என்றேன். கொடுத்தார். அதோடு நிறுத்தியிருக்கலாம். வாய் சும்மா இருக்குமா? புதன்கிழமை ஆளுக்கொரு சிடியோடு வாருங்கள், அன்றைக்கு என் வண்டி கல்யாண வீடு என்று மற்ற ஐந்து பேரிடமும் சொல்லிவிட்டேன்.

மறுநாள் காலை ஷெர்க்கியிடம் போனேன். பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரே ஒரு கார் நுழையும் அகலத்தில் அவன் பட்டறை. காருக்குள் ஓடும் ஒயர் எதுவானாலும் ஊரில் அவன்தான் வைத்தியன். நான் பத்து வார்த்தை பேசினால் அவன் ஒன்று பேசுவான், அதையும் ஸ்க்ரூவை வாயில் கவ்விக்கொண்டு பேசுவான். சேஞ்சரை வாங்கிக் கவிழ்த்துப் பார்த்தான், காதருகே வைத்துக் குலுக்கிப் பார்த்தான். பிறகு என் முகத்தைப் பார்த்து, "ஆடு வாங்கிட்டீங்களா அண்ணே?" என்று கேட்டான்.

நாளைக்குத்தான் என்றேன்.

"அப்ப பெருநாள் முடிஞ்சு வாங்க. போட்டுத் தர்றேன்."

எனக்குச் சுருக்கென்று ஏறியது. இவன் ஊர் பூஜாத். பெருநாளுக்குப் போனால் கறி தீரும்வரை திரும்பமாட்டான். வேலைக்குச் சோம்பல் பட்டுக்கொண்டு என்னிடம் ஆட்டைப் பற்றிக் குசலம் விசாரிக்கிறான் என்று நினைத்தேன்.

"நீ பூஜாத் போயி எலும்பக் கடிச்சு முடிக்கிற வரைக்கும் டீச்சர் பஸ்ஸ நிறுத்தி வைப்பாங்களா? புதன்கிழமை விடிஞ்சா எனக்குப் பாட்டு வேணும். உன்னால முடியலன்னா சொல்லு, ஊர்ல வேற ஆள் இல்லாமலா போயிட்டான்?"

அவன் சேஞ்சரை மேசைமேல் வைத்தான். பிறகு சாவிக்குக் கையை நீட்டினான்.

அவன் வேலை செய்வதைப் பார்க்க நன்றாகத்தான் இருந்தது, அதை மறைக்கவில்லை. பின் இருக்கையை முழுசாகத் தூக்கி வெளியே வைத்தான். டிக்கியிலிருந்து முன்பக்கம் வரை கதவோரத் தகட்டைக் கழற்றி, கம்பளத்துக்கு அடியில் கேபிளைப் பாம்பு போல நுழைத்தான். சீட்டில் உட்காருபவன் காலடி அதன்மேல் படக்கூடாது என்று இரண்டு இடத்தில் திரும்ப எடுத்துத் திரும்பப் போட்டான். எர்த் ஒயர் பிடிக்கிற இடத்தில் பெயிண்டை இரும்பு தெரியும்வரை சுரண்டினான். அதைச் சரியாகச் செய்யாவிட்டால் பாட்டோடு இன்ஜினும் சேர்ந்து பாடுமாம். எனக்குப் பொறுமை போய், பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பிறகு வருகிறேன் என்று கிளம்பிவிட்டேன்.

நான் திரும்பி வந்தபோது ஷட்டர் மூடியிருந்தது. வண்டி வெளியே நின்றது. சாவி எதிர் டீக்கடையில் இருந்தது. பூஜாத் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று ஷெர்க்கி ஓடினானாம். எல்லாம் டிக்கியில் இருக்கிறது, பார்த்துக்கொள்ளச் சொல் என்று மட்டும் சொன்னானாம்.

டிக்கியில்தானே இருக்கும், தலையிலா இருக்கும் என்று முணுமுணுத்துக்கொண்டே திறந்தேன். பின் இருக்கைக்குப் பின்னால், தகட்டோடு சேர்த்துச் சேஞ்சரை முறுக்கியிருந்தான். ஆனால் அதன்மேல் பழைய டயர் டியூபை வெட்டிப் போர்த்தி, சுற்றிலும் ஒயரால் கட்டியிருந்தான். பார்க்கச் சகிக்கவில்லை. டிக்கி மூடியின் உள்பக்கம் ஏதோ வெள்ளைக் காகிதம் வேறு ஒட்டிக்கிடந்தது. டியூபை ஒரு பக்கம் விலக்கி, டீச்சரின் சிடியை முதல் தட்டில் வைத்துத் தள்ளிவிட்டு, முன்னால் வந்து ரேடியோவைப் போட்டேன். பின்னாலிருந்து க்ர்ர் என்று பல்லைக் கடிக்கும் சத்தம். ரேடியோத் திரையில் பிரெஞ்சு எழுத்தில் ஏதோ மினுக்கியது. டீச்சர் எனக்குச் சொல்லிக் கொடுத்தது அரபி எழுத்து மட்டும்தான். ஆனால் நல்ல சேதி அப்படி மினுக்காது என்பது எனக்குத் தெரியும். நாலு தடவை அணைத்துப் போட்டேன். பாட்டு வரவில்லை. டியூபை இழுத்து மூடிவிட்டேன்.

அப்படியே ஸ்டாண்டுக்குப் போனேன். போனவன் வாயைத் திறந்தேன். ஷெர்க்கி என் பொருளைக் கெடுத்துவிட்டு, கெட்டதை டியூபால் மூடிவிட்டு, முகத்தைக் காட்டப் பயந்து ஊருக்கு ஓடிவிட்டான் என்றேன். அவனிடம் வண்டியைக் கொடுப்பதும் குப்பை மேட்டில் கொட்டுவதும் ஒன்று என்றேன். பத்துப் பன்னிரண்டு டிரைவர்கள் சுற்றி நின்று கேட்டார்கள். பெருநாள் முடிந்து அவனிடம் ஏ.சி. வேலைக்கு விடுவதாக இருந்த ஹம்மு, நல்லவேளை சொன்னாய் என்று வண்டியை வேறு பட்டறைக்குப் பேசிவிட்டான். அதைக் கேட்டு எனக்குக் கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது. வெட்கத்தோடுதான் சொல்கிறேன்.

வியாழக்கிழமை ஆட்டுச் சந்தை. நல்ல கொம்புள்ள கிடா ஒன்று அமைந்தது. விற்றவன் பின்னங்காலைப் பிடிக்க, நான் முன்னங்காலைப் பிடிக்க, பிஸ்மில்லா சொல்லித் தூக்கி டிக்கியில் ஏற்றினோம். மூடியைப் பாதி திறந்து கயிற்றால் கட்டினேன். இருபத்திரண்டு பெருநாளாக அப்படித்தான் ஏற்றுகிறேன், கை தானாகச் செய்தது. சந்தையைத் தாண்டிப் பெரிய சாலைக்கு வந்தபிறகுதான், பின்னாலிருந்து டங் டங் என்று கொம்பு தகட்டில் முட்டும் சத்தம் கேட்டபோதுதான், அங்கே வேறு ஒன்றும் இருப்பது நினைவுக்கு வந்தது. வண்டியை ஓரம் கட்டினேன். நடுச்சாலையில் தனியாகக் கிடாவை இறக்கினால் அது மறுபடி ஏறுமா? வீடுவரை அதன் ஒவ்வொரு உதையையும் என் விலாவில் வாங்கிக்கொண்டு ஓட்டினேன்.

வீட்டில் இறக்கியபோது டிக்கியெல்லாம் மூத்திரம், புழுக்கை. டியூப் நனைந்து, ஒரு பக்கம் கொம்பு கீறியிருந்தது. நான் தலையில் கையை வைத்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்துவிட்டேன். என் மனைவி ரகியா எட்டிப் பார்த்தாள். புரிந்துகொள்ள அவளுக்கு வார்த்தை தேவைப்படவில்லை.

"அந்தப் பெட்டியத் தொடாதீங்க. ஷெர்க்கி வந்து பாக்கட்டும்," என்றாள். "அதுவரைக்கும் அவனப் பத்தி எங்கயும் பேசாதீங்க. அவன் கெடுத்தானா, உங்க கிடா கெடுத்துச்சான்னு இனிமே யாருக்குத் தெரியும்?"

அந்தப் பெருநாள் எனக்கு இறங்கவில்லை. கொழுப்புச் சுற்றிச் சுட்ட ஈரலைக்கூட இரண்டு துண்டோடு வைத்துவிட்டேன். திங்கட்கிழமை, பெட்டிப் பக்கம் மட்டும் போகாமல், டிக்கியை வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிக் கழுவினேன். மூடியிலிருந்த காகிதத்தில் தண்ணீர் தெறித்தது. அதைத் துடைத்தும் விட்டேன். செவ்வாய்க்கிழமை வரை தினமும் இரண்டு வேளை ஷெர்க்கியின் ஷட்டரைப் போய்ப் பார்த்தேன். அது திறக்கவில்லை. வெள்ளிக்கிழமைதான் வருவான் என்றான் டீக்கடைக்காரன்.

புதன்கிழமை காலை ஸ்டாண்டில் ஆறு பேரும் வந்துவிட்டார்கள். மஹ்ஜூப் சார் தன் சிடியைப் பேப்பரில் சுற்றிக் கோட்டுப் பையில் வைத்திருந்தார். அவர் அவ்வளவு சந்தோஷமாக நான் பார்த்ததே இல்லை. மற்றவர்கள் கையிலும் சிடி. முதல் பாட்டு யாருடையது என்று இப்போதே தகராறு. நான் போனட்டைத் துடைப்பது போல் பாவனை செய்துகொண்டு, எப்படி ஆரம்பிப்பது என்று உள்ளுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன். டீச்சர், மன்னித்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் வார்த்தை வரவில்லை.

இல்ஹாம் டீச்சர் பள்ளியில் ஒப்படைக்க வேண்டிய பதிவேடுகளை ஓர் அட்டைப்பெட்டியில் கொண்டுவந்திருந்தார். அதை வைக்க அவரே போய் டிக்கியைத் திறந்தார்.

"ஜிலாலி அண்ணே, இங்க வாங்க."

நாற்றம் தாங்காமல் கூப்பிடுகிறார் என்று நினைத்துப் போனேன். அவர் டிக்கிக்குள் பார்க்கவில்லை. மூடியை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது உங்களுக்கு வந்த லெட்டர். படிச்சீங்களா?"

எனக்கு லெட்டர் யார் போடுவார்கள்? எனக்கு எழுதுகிற ஆள் ஒருவனும் கிடையாது, எனக்கு எழுதினால் நான் படிப்பேன் என்று நினைக்கிறவனும் கிடையாது. அப்படித்தான் நினைத்தேன். ஊரிலுள்ள பலகையெல்லாம் கத்திப் படித்தவன், ஒரு வாரம் என் தலைக்கு மேலேயே தொங்கியதைக் காகிதம் என்று பார்த்தேனே தவிர எழுத்து என்று பார்க்கவில்லை. டீச்சர் எனக்குப் படித்துக் காட்டவில்லை. வகுப்பில் செய்வது போல முதல் வார்த்தைக்குக் கீழே விரலை வைத்துவிட்டுக் காத்திருந்தார். மற்ற ஐந்து பேரும் வந்து பின்னால் நின்றார்கள். தெருவிளக்கு இன்னும் அணையவில்லை. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு எழுதுவது போலப் பெரிய பெரிய எழுத்தில், ஒவ்வொன்றையும் தனித்தனியாக எழுதியிருந்தான். நான் எழுத்துக் கூட்டிப் படித்தேன்.

"ஜிலாலி அண்ணனுக்கு. ஆறு தட்டும் ஓட்டிப் பார்த்தேன். நன்றாகப் பாடுகிறது. நாளைக்கு நீங்கள் டிக்கியில் ஆடு ஏற்றுவீர்கள். இந்தப் பெட்டியின் உள்பாகம் ஸ்பிரிங்கில் தொங்குகிறது, உதை தாங்காது. அதனால் பக்கவாட்டில் இரண்டு சிவப்பு ஸ்க்ரூ போட்டு அதை மறுபடி பூட்டிவிட்டேன். ஈரம் படாமல் டியூப் கட்டியிருக்கிறேன். பூட்டியிருக்கும்போது அது பாடாது, பெருநாள் முடியும்வரை பாட்டுப் போடாதீர்கள். முடிந்ததும் இரண்டு ஸ்க்ரூவையும் கழற்றுங்கள். நீங்கள் இப்போது படிக்கிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். அதனால் வேறு யாரிடமும் சொல்லி அனுப்பவில்லை. ஷெர்க்கி."

கடைசி இரண்டு வரியை யாரும் கேட்காமலே இன்னொரு முறை படித்தேன். டீக்கடைக்காரனிடம் அரை நிமிடத்தில் சொல்லியிருக்கக்கூடியதை, பஸ்ஸுக்கு நேரமாகும் அவசரத்தில், இவ்வளவு பெரிய எழுத்தில் எனக்காக உட்கார்ந்து எழுதியிருக்கிறான். எனக்கு ஒரு மரியாதையைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான். நான் அவனைப் பித்தலாட்டக்காரன் ஆக்கி வைத்திருந்தேன்.

டியூபை அவிழ்த்தேன். உள்ளே சேஞ்சர் சொட்டு ஈரம் இல்லாமல் இருந்தது. பக்கவாட்டில், சொன்னபடி, சிவப்புத் தலையோடு இரண்டு ஸ்க்ரூ. மஹ்ஜூப் சார் பையிலிருந்து ஒரு பத்து சென்டிம் காசை எடுத்து நீட்டினார். அதன் விளிம்பால் திருப்பினேன். இரண்டும் கழன்று என் உள்ளங்கையில் விழுந்தன.

எல்லோரும் ஏறி உட்கார்ந்தார்கள். ரேடியோவைப் போட்டேன். பின்னால் தட்டு நகரும் மெல்லிய சத்தம் கேட்டது. அப்புறம் ஒரு நாணல் குழல், அதன் பின்னாலேயே மேளம். பெர்கான் பக்கத்து மேளம் காதில் விழுந்தால் அந்த ஊர்க்காரர்களுக்குத் தோள் சும்மா இருக்காது. கண்ணாடியில் பார்த்தேன். டீச்சர் முதலில் வாயைப் பொத்திக்கொண்டார். கண்ணில் தண்ணீர் கோத்திருந்தது. பிறகு தோள் குலுங்க ஆரம்பித்தது. நான்கு பேர் நெருக்கி உட்கார்ந்த இருக்கையில் ஒருவர் தோள் குலுங்கினால் நான்கு பேரும் குலுங்க வேண்டியதுதான். மண்பாதை வரும்வரை பின்சீட்டு முழுவதும் ஆடிக்கொண்டே வந்தது. மஹ்ஜூப் சார் தன் சிடியைப் பையிலிருந்து வெளியே எடுக்கவே இல்லை. முழங்காலில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார்.

நான் எதையும் படிக்காமல், ஒன்றும் பேசாமல் ஓட்டினேன். அல்ஹம்துலில்லாஹ் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

மாலையில் திரும்பி வந்ததும், சேஞ்சரைப் பாராட்டிவிட்டு மற்ற ஐந்து பேரும் கிளம்பினார்கள். டீச்சர் மட்டும் நின்றார். அந்தச் சீட்டை எனக்குக் கொடுப்பீர்களா என்று கேட்டார். இந்த ஊரில் கழித்த ஆறு வருடத்துக்கு அது ஒன்றைக் கையில் வைத்துக்கொள்ள ஆசை என்றார்.

"தர்றேன் டீச்சர். ஒரு நிமிஷம் பொறுங்க, அதுக்கு இங்க ஒரு வேலை பாக்கியிருக்கு."

சீட்டைக் கிழியாமல் உரித்து எடுத்தேன். ஸ்டாண்டில் டீ குடித்துக்கொண்டிருந்த டிரைவர்களுக்கு நடுவே போய் நின்றேன். அன்றைக்கு என் பேச்சைக் கேட்டவர்கள் முக்கால்வாசிப் பேர் இருந்தார்கள், ஹம்முவும் இருந்தான். போன வாரம் ஷெர்க்கியைப் பற்றி நான் சொன்னதெல்லாம் பொய், இதைக் கேளுங்கள் என்றேன். முதல் வரியிலிருந்து படித்தேன். எவனோ, ஜிலாலி இமாம் ஆகிவிட்டான் என்று கிண்டல் செய்தான். நான் நிறுத்தவில்லை. 'பக்கவாட்டில்' என்ற இடத்தில் தடுமாறி நின்றேன். பின்னால் டீச்சர் நின்றுகொண்டிருந்தார், எடுத்துக் கொடுக்கவில்லை. நானே கூட்டிப் படித்துத் தாண்டினேன். ஆடு ஏற்றுவீர்கள் என்ற வரியில் எல்லோரும் சிரித்தார்கள். கடைசி வரியில் சிரிப்பு நின்றுவிட்டது. ஹம்மு டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, ஷெர்க்கி எப்போது வருகிறான் என்று கேட்டான்.

சீட்டை மடித்து டீச்சரிடம் கொடுத்தேன். பரீட்சைத் தாளை வாங்குவது போல இரண்டு கையாலும் வாங்கினார்.

"நல்லாப் படிச்சீங்க அண்ணே," என்றார்.

"நீங்க கொடுத்த கண்ணு டீச்சர். நான்தான் அத மூடிக்கிட்டுத் திரிஞ்சேன்."

அவருடைய சிடியை எடுத்துக் கொடுத்தேன், வாங்கிக்கொண்டார். பெர்கானில் அதைப் போட்டுக் கேட்க அவருக்கு ஆள் இருக்கிறது.

வெள்ளிக்கிழமை ரகியா கிடாவின் முன்தொடை ஒன்றை உப்புப் போட்டுக் கட்டிக் கொடுத்தாள். அதைத் தூக்கிக்கொண்டு பட்டறைக்குப் போனேன். ஒரு கார் டாஷ்போர்டுக்கு அடியிலிருந்து ஷெர்க்கியின் கால் மட்டும் தெரிந்தது. அந்தக் காலிடமே எல்லாவற்றையும் சொன்னேன்: ஸ்டாண்டில் பேசியது, ஹம்மு வண்டி போனது, திரும்ப வருவது, எல்லாம். மன்னிப்பும் கேட்டேன். நான் நேருக்கு நேர் மன்னிப்புக் கேட்டுப் பழகியவன் இல்லை. காலிடம் கேட்பது எளிதாக இருந்தது.

அவன் மெதுவாக வெளியே வந்து உட்கார்ந்தான். வாயிலிருந்த ஸ்க்ரூவை எடுத்தான்.

"அப்ப சீட்டப் படிச்சீங்க."

"படிச்சேன்டா. ஒரு வாரம் கழிச்சு."

"எங்க அது?"

"பெர்கான் போயிருச்சு. என் பேருக்கு வந்த முதல் லெட்டர்டா அது. படிக்கச் சொல்லிக் கொடுத்தவங்ககிட்டதான் இருக்கணும்."

அவன் கறியை வாங்கி நிழலில் வைத்தான். என் வண்டியின் டிக்கியைத் திறந்து சேஞ்சரைத் தொட்டுப் பார்த்தான், மூக்கைச் சுருக்கினான். மேசையிலிருந்து ஒரு துண்டு அட்டையை எடுத்து, காதிலிருந்த பென்சிலால் பெரிய எழுத்தில் ஏதோ எழுதி, மூடியில் அதே இடத்தில் ஒட்டிவிட்டு மறுபடி டாஷ்போர்டுக்கு அடியில் போய்விட்டான்.

இந்தத் தடவை அங்கேயே நின்று வாய்விட்டுப் படித்தேன்.

"இன்னும் நாறுகிறது அண்ணே. இன்னொரு தடவை கழுவுங்கள்."